நூற்று இருபதில் ஒன்று

நான் பல் செய்கிறவள்.
செஸ்கா த்ரெபோவாவில் ரயில்வேக்காரர் பாதிப்பேர்
என் மெழுகைக் கடித்திருக்கிறார்கள்.
பகலெல்லாம் கடைவாய்க்குத் தொப்பி.
இரவில் அதே துளைக்கருவியால்
சாண் நீளத்துக்கு ஓர் எஞ்சின்.

கொதிகலன் ஒரு ஜெர்மன் எஞ்சினுடையது,
விழுந்து மூக்குடைந்ததால் எண்பது கொருனாவுக்குக் கிடைத்தது.
சக்கரங்கள் இன்னொன்றின். ஓட்டுநர் அறை
எதனுடையது என்று விற்றவனுக்கே தெரியவில்லை.
புகைபோக்கியை நானே கடைந்தேன்,
யாரோ வங்கியில் விட்டுப்போன
பித்தளைப் பேனா மூடியிலிருந்து.
கரித்தொட்டி மட்டும் செருப்புப் பெட்டியில் வந்தது.
கணவர் போன மூன்றாம் மாதம்
ஹெய்துகோவா அம்மா சங்கத்தில் கொண்டுவந்து வைத்த பெட்டி.
"எல்லாம் உதிரி. ஒன்றும் முழுசில்லை" என்றார்.
ரசீது கேட்கவில்லை.

பத்துப் பொருத்தமும் பார்த்தேன்.
ஒன்றுகூட இல்லை.
கொதிகலன் அகலம், சட்டம் குறுகல்,
அறை உயரம், தொட்டி தாழ்வு.
மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்கு,
கண்ணுக்கு அது ஒன்றுமேயில்லை.
நூற்று இருபதால் பெருக்கிப் பாருங்கள்,
நிஜ ஓட்டுநர் ஒருவர் கால் இடறி விழுவார்.
யாரும் ஏறப்போவதில்லை என்று தெரிந்தும்
அவருக்காக மூன்று இரவு ராவினேன்.
தூள் தேநீரில் விழுந்தது.
குடித்தேன்.

மோட்டார் ஓடியது. எஞ்சின் ஓடவில்லை.
பற்சக்கரத்தைக் கழற்றி எண்ணினால்
இருபத்திரண்டு இருக்கவேண்டிய இடத்தில் இருபத்தொன்று.
பதினாலு பல் வைத்தியர்களுக்கு வேலை செய்கிறேன்,
இவ்வளவு சின்ன வாய் வந்ததில்லை.
மெழுகில் செதுக்கி, உலோகத்தில் வார்த்து
அந்த ஒற்றைப் பல்லை நட்டேன்.
மறுநாள் காலை
ஸ்லாமோவாவின் கடைவாய்ப்பல் இன்னும் உலையில் இருக்கிறது என்று
தொலைபேசியில் கூசாமல் பொய் சொன்னேன்.

நீராவி இல்லாத நீராவி எஞ்சின்.
தண்ணீர் கேட்காது, கரி கேட்காது,
பன்னிரண்டு வோல்ட் போதும்.
வெளியே பிர்னோ சரக்கு வண்டி போகையில்
மேசை அதிரும், திருகுகள் ஓரத்துக்கு உருளும்.
உள்ளங்கையால் மூடிக்கொண்டு
கடைசிப் பெட்டி கடக்கும்வரை உட்கார்ந்திருப்பேன்,
சோற்றுக்கு ஈ ஓட்டுகிறவள் மாதிரி.

சாயம் பூசும் நாள் வந்தது.
தொட்டியின் பழைய பச்சையைக் கரைக்க
ஸ்பிரிட்டைத் திறந்து விளக்கைச் சாய்த்தேன்.
பின்மூலையில், சாயத்துக்குள்ளே,
ஒரு கட்டைவிரல்.
சுழி சுழியாய் ரேகை.
காய்வதற்குள் தொட்டிருக்கிறார்.
அவசரக்காரராக இருக்கலாம்.
சாப்பிடக் கூப்பிட்டிருக்கலாம்.
கோணல், கோணல் என்று
இரண்டு வாரமாய் நான் ராவித் தள்ளியது
அவர் அரம் போன வழியை.

ஸ்பிரிட்டை மூடினேன்.

நவம்பர் கண்காட்சி.
வ்லாஸ்திமில் க்ரெப்ஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"என்ன வகை?"
"வகை இல்லை."
"எந்த வருடம்?"
"போன செவ்வாய்."
எஞ்சின் கறுப்பு, தொட்டி பச்சை: ஆறு புள்ளி கழிவு.
வளைவில் சாய்கிறது: மூன்று.
எண் பலகை வெறுமை: இரண்டு.
பல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
நல்ல பல்லுக்கு அதுதான் பாராட்டு.

பக்கத்தில் ஹெய்துகோவா அம்மா,
கோட்டைக்கூடக் கழற்றாமல்.
வண்டி ஒரு சுற்று வந்தது. குனிந்தார்.
"அடப் பாவி" என்றார்,
என்னையல்ல.
"இது என் சமையலறை ஜன்னல் பச்சை.
பாதியில் தீர்ந்துபோச்சு என்றானே மனுஷன்!
ஒரு கதவு இன்னும் வெள்ளையாய் நிற்கிறது."

சிரித்தாரா தெரியவில்லை, கைக்குட்டை வாயில் இருந்தது.
மூலையில் விரல் இருக்கிறது, பாருங்கள் என்று
சொல்லவா வேண்டாமா என்பதற்குள்
வண்டி குகைக்குள் போய்விட்டது.

மறுபக்கம் வர
பதினொரு விநாடி ஆகும்.